ஷாக்கைக் கழற்றிய பிறகு தெரிந்தது: ஒரு முழு சஸ்பென்ஷன் ஃபிரேமுடன் என் அனுபவம்

கனடாவின் வடக்கு வான்கூவரில் உள்ள ஃப்ரோம், சீமோர் மலைகளில் முதல் மூன்று ஆண்டுகள் நான் ஓட்டியது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன், அதாவது அதிர்வைத் தாங்கும் அமைப்பு, உள்ள மலைச் சைக்கிள். அந்த மலைப்பாதைகளில் சீடர், ஹெம்லாக் மரங்களின் வேர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். வேர் இல்லாத இடத்தில் பாறை இருக்கும். அக்டோபரில் பிடிக்கும் மழை மார்ச் வரை இரண்டையும் உலர விடாது. பின்சக்கரம் ஒவ்வொரு வேரிலும் துள்ளும்போது தரையோடு அதற்குள்ள பிடிமானம் அறுந்துபோகிறது, அந்த நேரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்பதற்குப் பதிலாகச் சறுக்குகிறது. பின்பக்கமும் அசைந்து கொடுக்கும் முழு சஸ்பென்ஷன் வண்டி ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்று நான் முடிவு செய்தது 2020இல். பெருந்தொற்றுக் காலமானதால் கடைகளில் முழு வண்டிகள் கிடைக்கவில்லை. எனவே பின்பக்க அதிர்வைத் தாங்கும் ஷாக்குடன் கூடிய அலுமினிய ஃபிரேம் ஒன்றைப் பழையதாக வாங்கி, என்னிடம் இருந்த பாகங்களையும் புதிதாகச் சிலவற்றையும் சேர்த்து நானே பூட்டுவது என்று துணிந்தேன்.

பழைய ஃபிரேம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று ஓரளவு படித்துவிட்டுத்தான் போனேன். சீட் குழாயும் மேற்குழாயும் சேரும் பற்றவைப்பு, ஷாக் பொருந்தும் காதுகள், பின்சக்கரத்தைத் தாங்கும் பின்முக்கோணத்தின் வளைவுகள் ஆகிய இடங்களை ஈரத்துணியால் துடைத்து, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, பெயிண்டில் மயிரிழை போன்ற விரிசல் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஃபிரேமுக்கான உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டுமே செல்லும் என்பதால், பழையதை வாங்குகிறவருக்குக் கண்ணும் விரலும்தான் உத்தரவாதம். விரிசல் எதுவும் இல்லை. விற்றவர், பின்பக்கம் அசையும் மூட்டுகளைச் சமீபத்தில்தான் சுத்தம் செய்ததாகச் சொன்னார். அதை நான் சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டேன். அதனால் என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அளவுகளின் சிக்கல் தொடங்கியது. என் பழைய பின்சக்கரத்தின் ஹப், அதாவது நடுக்குடம், 142 மில்லிமீட்டர் அகலம். இந்த ஃபிரேம் கேட்டதோ பூஸ்ட் எனப்படும் 148 மில்லிமீட்டர். வித்தியாசம் ஆறே மில்லிமீட்டர்தான், ஆனால் அதற்காகப் புதிய சக்கரம் வாங்க வேண்டியிருந்தது. சக்கரம் மாறியதும் செயின் ஓடும் கோடும் வெளிப்புறமாக நகர்ந்தது, அதற்கேற்ற செயின்ரிங்கும் (முன்பக்கப் பல்சக்கரம்) வேண்டியதாயிற்று. ஃபிரேமுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு தாளில் பின் அச்சின் அகலம், ஹேண்டில் திரும்ப உதவும் ஹெட்செட்டின் மேல் கீழ் அளவுகள், சீட் போஸ்ட்டின் விட்டம், பெடலைத் தாங்கும் கிராங்க் பொருந்தும் கூட்டின் அகலமும் மரையா அழுத்திப் பொருத்துவதா என்பதும், ஷாக்கின் நீளமும் அது அமுங்கும் தூரமும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் பயணம் (அது அமுங்கக்கூடிய தூரம்) ஆகியவற்றை எழுதி, நம்மிடம் உள்ள பாகங்களின் அளவுகளை எதிரே எழுதிப் பார்த்துவிட வேண்டும். நான் எழுதாததால் எனக்கு ஆன கூடுதல் செலவு, ஃபிரேமின் விலையில் பாதியை நெருங்கியது.

ஃபோர்க் விஷயத்தில் மட்டும் கவனமாக இருந்தேன். ஃபிரேம் 150 மில்லிமீட்டர் பயணமுள்ள ஃபோர்க்குக்காக வடிவமைக்கப்பட்டது. என்னிடம் இருந்தது 130. இருபது மில்லிமீட்டர் குறைந்தால் ஹேண்டில் பக்கக் கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி செங்குத்தாகிவிடும், கிராங்கும் தரைக்கு நெருங்கிவிடும். செங்குத்தான இறக்கத்தில் முன்சக்கரம் நமக்கு முன்னால் தள்ளி இருப்பதுதான் நம்மைக் கவிழாமல் காக்கிறது. அந்த ஒரு டிகிரியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை என்பதால் 150 ஃபோர்க்கையே வாங்கினேன். கிராங்கின் நீளத்தையும் 175 மில்லிமீட்டரிலிருந்து 165க்கு மாற்றினேன். முழு சஸ்பென்ஷன் வண்டி நம் எடையில் அமிழ்ந்துதான் ஓடுகிறது. அமிழ்ந்த நிலையில் பெடல் வேர்களில் இடிக்காமல் இருக்க அந்தப் பத்து மில்லிமீட்டர் பெரிதும் உதவுகிறது.

பூட்டும் வேலையில் சொல்லத் தகுந்தவை இரண்டு. கிராங்குக் கூட்டில் செயின் பக்கத்துக் கிண்ணத்துக்கு இடதுகை மரை. அதாவது வழக்கத்துக்கு மாறாக இடம்புரியாகத் திருப்பினால்தான் இறுகும். இதை அறியாமல் பலம் கொடுத்தால் அலுமினிய மரை உரிந்துபோகும், ஃபிரேமே வீணாகும். மரையில் ஒட்டியிருந்த பெயிண்டைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் நீக்கி, கிரீஸ் தடவி, முதல் நான்கைந்து சுற்றுகளைக் கையாலேயே ஏற்றினேன். இரண்டாவது, செயினின் நீளம். முன்பக்கம் மட்டும் அசையும் வண்டியில் செயினை அளப்பது போல இதில் அளக்கக் கூடாது. பின்பக்கம் மேலே ஏறும்போது கிராங்குக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. எனவே ஷாக்கின் காற்றை முழுவதும் வெளியேற்றி, பின்பக்கத்தை அதன் எல்லைவரை அமுக்கி வைத்து, பெரிய பல்சக்கரத்தில் செயினைப் போட்டு அளந்தேன். நின்ற நிலையில் கச்சிதமாக வெட்டிய செயின், முதல் பெரிய குதிப்பில் பின்பக்கம் கியரை மாற்றும் டிரெய்லியரைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதே அமுங்கிய நிலையில் பிரேக் குழாயும் கியர் கேபிளும் இழுபடாமல் தளர்வாக இருக்கின்றனவா, டயர் சீட் குழாயில் உரசாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

நவம்பரில் வண்டி தயாரானது. முதல் முறை சீமோரின் ஓல்ட் பக் பாதையில் ஏறி, நெட்ஸ் பாதை வழியாக இறங்கினேன். பெரிய பாறைகளில் வண்டி நன்றாகவே தாங்கியது. ஆனால் சிறிய வேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் இடங்களில் என் பழைய வண்டிக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை; பின்சக்கரம் அதே போலத் துள்ளியது, பாதங்கள் அதே போல மரத்துப்போயின. ஷாக்கில் காற்று அதிகம் என்று நினைத்துக் குறைத்தேன். அடுத்த வாரம் இன்னும் குறைத்தேன். ஒரு கட்டத்தில் ஏறி உட்கார்ந்தாலே ஷாக் தன் பயணத்தில் 40 சதவீதம் அமிழும் அளவுக்குக் குறைத்தாயிற்று. பெரிய குதிப்புகளில் ஷாக் எல்லைவரை அமுங்கி அடிதட்டியது, ஆனால் சிறிய வேர்களில் வந்த துள்ளல் அப்படியே இருந்தது. பிறகு அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நீலக் குமிழைத் திருப்பினேன், மீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிவப்புக் குமிழைத் திருப்பினேன், காற்றறைக்குள் இருந்த பிளாஸ்டிக் துண்டுகளைக் கழற்றினேன், டயர் காற்றைக் குறைத்தேன். நான்கு மாதங்கள் இப்படியே கழிந்தன. ஒரே நாளில் மூன்று அமைப்புகளை மாற்றியதால் எது எதைச் செய்தது என்றும் தெரியவில்லை. ஷாக்கே பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டி, புதிய ஷாக்கின் விலையைப் பார்க்கவும் தொடங்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு வரும் அண்ணன் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், சர்ரேயில் ஒரு பட்டறையில் லேத் வேலை பார்க்கிறவர். மவுண்டன் ஹைவேயின் வாகன நிறுத்தத்தில் என் குறையை முழுவதும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, ஷாக்கைக் கழட்டிப்போட்டுப் பின்பக்கத்தைக் கையாலை தூக்கிப் பாத்தனீங்களோ?"

அன்று மாலை வீட்டில் வண்டியை ஸ்டாண்டில் மாட்டி, பின்சக்கரத்தையும் ஷாக்கின் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றினேன். ஷாக் இல்லாத நிலையில் பின்முக்கோணத்தைத் தாங்குவதற்கு எதுவும் இல்லை. அதை மேலே தூக்கிக் கையை விட்டால் அதன் எடையிலேயே தடையின்றிக் கீழே விழ வேண்டும். நான் தூக்கிக் கையை விட்டேன். அது பாதி உயரத்தில், நான் விட்ட இடத்திலேயே நின்றது. இன்னும் சற்று உயர்த்தினேன், அங்கும் நின்றது. விரலால் கீழே அழுத்தியபோது முதலில் மறுத்து, பிறகு நறநறவென்ற ஓசையோடு இறங்கியது. நான்கு மாதங்களாக ஷாக் ஒவ்வொரு சிறு வேருக்கும் முதலில் இந்த இறுக்கத்தை உடைத்துவிட்டுத்தான் அசைந்திருக்கிறது. பெரிய பாறையின் விசைக்கு இந்த இறுக்கம் பொருட்டில்லை, அதனால் அங்கே வண்டி நன்றாக இருந்தது. சிறிய வேரின் விசை இதைத் தாண்டவே போதவில்லை. காற்றழுத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் துள்ளல் ஏன் நிற்கவில்லை என்பது அந்த ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

என் ஃபிரேமின் பின்பக்கம் நான்கு மூட்டுகளில் அசைகிறது. கிராங்குக்கு மேலே முதன்மை மூட்டு. பின் அச்சுக்குச் சற்று முன்னால் கீழ்க்கம்பியில் ஒன்று. ஷாக்கை அழுத்தும் இணைப்புத் தகட்டின் இரு முனைகளில் இரண்டு. கீழ்க்கம்பியில் உள்ள அந்த மூட்டைத்தான் அதை உருவாக்கிய ஹார்ஸ்ட் லைட்னரின் பெயரால் ஹார்ஸ்ட் லிங்க் என்கிறார்கள். ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் வைத்திருந்த அதன் காப்புரிமை காலாவதியான பிறகு பல நிறுவனங்கள் இதைக் கையாள்கின்றன. மூட்டுக்கு இரண்டாக மொத்தம் எட்டு பேரிங்குகள். சக்கரத்தில் உள்ள பேரிங் முழுச் சுற்றாகச் சுழல்வதால் அதன் கிரீஸ் எல்லாக் குண்டுகளுக்கும் பரவிக்கொண்டே இருக்கும். மூட்டில் உள்ள பேரிங்குக்கு அந்த வாய்ப்பு இல்லை. அது சில டிகிரிகள் மட்டும் முன்னும் பின்னும் அசைகிறது. அதே குண்டுகள் அதே இடத்திலேயே நம் முழு எடையையும் தாங்குகின்றன. கிரீஸ் ஓரங்களுக்கு ஒதுங்கிவிடுகிறது. அந்த இடத்தில் நீர் புகுந்தால் துரு பிடிப்பதைத் தடுக்க எதுவும் இல்லை.

முதன்மை மூட்டின் இடது பேரிங்கை வெளியே எடுத்து, அதன் ரப்பர் மூடியை ஊசியால் நெம்பித் திறந்தேன். உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்காவி நிறத்தில் ஒரு குழம்பு இருந்தது. அதைத் துடைத்துவிட்டு உள்வளையத்தை விளக்கடியில் பார்த்தபோது, குண்டுகள் அழுந்திய தடங்கள் பளபளப்பான சிறு குழிகளாக வரிசையாகத் தெரிந்தன. அசைக்கும்போது கைக்குத் தட்டுப்பட்ட நறநறப்பு, குண்டுகள் அந்தக் குழிகளில் ஏறி இறங்கியதுதான். எட்டில் மூன்று இந்த நிலையில் இருந்தன, இரண்டு சுமார், மூன்று நன்றாக இருந்தன. நான் எட்டையுமே மாற்றினேன். ஃபிரேமை இவ்வளவு பிரித்த பிறகு நல்லவற்றை மட்டும் திரும்பப் பூட்டி மிச்சப்படுத்தும் பணம், அடுத்த குளிர்காலத்தில் மீண்டும் பிரிக்கும் உழைப்புக்கு ஈடாகாது.

பேரிங்கின் மூடியிலேயே அதன் எண் அச்சிடப்பட்டிருக்கும். எனக்கு வேண்டியவற்றில் ஒன்று 6902; அது 15 மில்லிமீட்டர் உள்விட்டமும் 28 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 7 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ளது. எண்ணைச் சொன்னால் தொழிற்சாலைப் பொருள்கள் விற்கும் கடையிலும் கிடைக்கும். ஆனால் மூட்டுகளுக்கென்றே குண்டுகளைப் பிரிக்கும் கூடு இல்லாமல், அந்த இடத்திலும் குண்டுகளையே நிரப்பிச் செய்த மேக்ஸ் வகை உண்டு. வேகமாகச் சுழல அது ஏற்றதல்ல, எடை தாங்க அதுவே ஏற்றது. அதையே வாங்கினேன். உள்ளே செலுத்தும்போது சுத்தியலைத் தொடவில்லை. நீண்ட மரைக்கம்பி ஒன்றில் இருபுறமும் வாஷர்களையும், பேரிங்கின் வெளிவளையத்தின் மேல் மட்டும் சரியாக உட்காரும் சாக்கெட் ஒன்றையும் கோத்து, நட்டைத் திருகித் திருகி உள்ளே இழுத்தேன். உள்வளையத்தின் மீது அழுத்தினால் அந்த விசை முழுவதும் குண்டுகளின் வழியாகத்தான் போகும், புதிய பேரிங் பூட்டும்போதே கெட்டுவிடும். பேரிங் உட்காரும் குழிக்கு மெல்லிய கிரீஸ், போல்ட்டின் மரைக்கு மரை தளராமல் பிடிக்கும், நடுத்தரப் பலமுள்ள நீல நிற லாக்டைட் பசை, ஃபிரேம் தயாரிப்பாளர் ஒவ்வொரு போல்ட்டுக்கும் குறிப்பிட்டுள்ள முறுக்குவிசை ஆகிய மூன்றையும் விடாமல் கடைப்பிடித்தேன். மூட்டுப் போல்ட்டுகளை மனம்போன இறுக்கத்துக்குத் திருகினால் புதிய பேரிங்கும் பக்கவாட்டில் நெரிந்து இறுகிவிடும். எல்லாம் முடிந்த பிறகு, ஷாக்கை மாட்டுவதற்கு முன், பின்முக்கோணத்தைத் தூக்கிக் கையை விட்டேன். தடையில்லாமல் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் ஷாக்கை அமைக்கும் வேலை உண்மையாகத் தொடங்கியது. முன்பு மாற்றியவை அனைத்தையும் தயாரிப்பாளர் சொன்ன தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன். காற்றழுத்தத்துக்குத் தொடக்கமாக, உடுப்பு, தலைக்கவசம், தண்ணீர்ப் பை எல்லாம் சேர்ந்த எடையைப் பவுண்டில் கணக்கிட்டு அதே எண்ணைப் பிஎஸ்ஐயில் வைப்பது ஒரு பொது வழக்கம். நான் 74 கிலோ, அதாவது 163 பவுண்டு. காற்றை ஒரேயடியாக அடிக்காமல், 50 பிஎஸ்ஐ கூடும்போதெல்லாம் நிறுத்தி, வண்டியின் மேல் சாய்ந்து ஷாக்கைப் பத்து முறை மெதுவாக அமுக்கி விட்டேன். ஷாக்கின் உள்ளே ஒன்றை ஒன்று எதிர்க்கும் இரண்டு காற்றறைகள் உண்டு. அவை சமமாவதற்கு இந்த அமுக்கல் தேவை, இல்லாவிட்டால் பம்ப் காட்டும் அளவும் உண்மை நிலையும் வேறுபடும்.

என் ஷாக்கின் தண்டு 50 மில்லிமீட்டர் அமுங்கக்கூடியது. அதன் மூலம் பின்சக்கரம் 140 மில்லிமீட்டர் நகர்கிறது. அதாவது ஷாக்கில் ஒரு மில்லிமீட்டர் என்பது சக்கரத்தில் சராசரியாக 2.8 மில்லிமீட்டர். ஏறி உட்கார்ந்ததும் ஷாக் எவ்வளவு அமிழ்கிறது என்பதைத்தான் முதலில் நிலைநிறுத்த வேண்டும். 30 சதவீதம் வேண்டுமென்றால் 15 மில்லிமீட்டர். சுவரோரம் நின்று, முழு உடுப்போடு ஏறி, இருக்கையில் அமராமல் இறக்கத்தில் நிற்பது போலப் பெடல்களில் நின்று, மனைவியைக் கொண்டு ரப்பர் வளையத்தை ஷாக்கின் உடலோடு ஒட்டித் தள்ளச் சொல்லி, துள்ளாமல் இறங்கி, வளையம் நகர்ந்த தூரத்தை ஸ்கேலால் அளந்தேன். மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொண்டேன். 163இல் அமிழ்வு 17 மில்லிமீட்டர் வந்தது. 170இல் 15 வந்தது. பம்பைக் கழற்றும்போது கேட்கும் சீற்றம் பம்பின் குழாயில் உள்ள காற்று, ஷாக்கின் காற்று அல்ல. ஆனால் மறுபடி மாட்டும்போது ஷாக்கிலிருந்து சிறிது காற்று குழாய்க்குள் போவதால் அளவு குறைந்தே காட்டும். அதைக் கசிவு என்று எண்ணிக் கலங்க வேண்டாம்.

வெப்பநிலையைப் பற்றிப் பலரும் நினைப்பதில்லை. வீட்டில் 20 டிகிரியில் 170 பிஎஸ்ஐ வைத்துவிட்டு, சனவரிக் காலையில் 2 டிகிரிக் குளிரில் மலையடிவாரத்தில் அளந்தால் சுமார் 11 பிஎஸ்ஐ குறைந்திருக்கும். காற்று எங்கும் கசியவில்லை, குளிர்ந்து சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எனவே நான் இப்போது அழுத்தத்தை வண்டி வெளியில் அரை மணி நேரம் நின்ற பிறகுதான் சரிபார்க்கிறேன், நோட்டில் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுகிறேன்.

மீளும் வேகத்துக்கு நான் கண்ட நல்ல முறை, ஒரே துண்டுப் பாதையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான். சீமோரின் பிரைடில் பாத்தில் வேர்கள் நெருக்கமாக உள்ள ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டேன். சிவப்புக் குமிழை முழுவதும் மூடிய நிலையிலிருந்து கிளிக்குகளை எண்ணி, முதலில் வேண்டுமென்றே மிக மெதுவாக வைத்து ஓட்டினேன்; மூன்றாவது வேருக்குள் ஷாக் மீள நேரமின்றித் தாழ்ந்துகொண்டே போய், வண்டி கட்டை போலாகிவிட்டது. பிறகு மிக வேகமாக வைத்து ஓட்டினேன். வேர்களில் பிடிமானம் கூடியது, ஆனால் சிறு குதிப்பு ஒன்றில் பின்பக்கம் என்னை முன்னோக்கி உதைத்துத் தள்ளியது. இரண்டு எல்லைகளும் உடலுக்குத் தெரிந்துவிட்டதால், இடையில் உள்ள நிலையைக் கண்டுபிடிப்பது எளிதாயிற்று. ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம், அதுவும் இரண்டு கிளிக்குகளுக்கு மேல் இல்லை. எனக்கு ஏழாவது கிளிக் பொருந்தியது. அடுத்தவர் எடையும் அழுத்தமும் வேறாதலால் என் எண் அவருக்கு உதவாது, தேடும் முறைதான் உதவும்.

அமிழ்வு 15 மில்லிமீட்டரிலேயே இருக்க, செவன்த் சீக்ரெட் போன்ற செங்குத்தான பாதைகளில் மட்டும் ஷாக் அடிதட்டியது. அப்போதுதான் முன்பு கழற்றிய பிளாஸ்டிக் துண்டுகளில் ஒன்றைத் திரும்பப் போட்டேன். அது காற்றறையின் கொள்ளளவைக் குறைப்பதால், பயணத்தின் தொடக்கத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டு, கடைசிப் பகுதியை மட்டும் கடினமாக்குகிறது. அடிதட்டுகிறதே என்று காற்றைக் கூட்டியிருந்தால், வேர்களில் கிடைத்த மென்மையை இழந்திருப்பேன்.

பராமரிப்பில் நான் கடைப்பிடிப்பவை அதிகம் இல்லை. மழையில் ஓட்டிவிட்டு வந்தால் வீசியடிக்கும் குழாயைப் பயன்படுத்தாமல், வாளி நீரும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, மூட்டுகளைத் துணியால் ஒற்றி எடுக்கிறேன். மாதம் ஒருமுறை இருக்கையின் பின்நுனியைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்க்கிறேன். சக்கரம் தரையை விட்டு எழுவதற்கு முன் சிறிய ‘டக்’ என்ற தட்டல் கைக்குத் தெரிந்தால் பெரும்பாலும் ஷாக்கின் காதில் உள்ள புஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள், அது விலை குறைந்த பாகம். ஷாக்கின் காற்றறையை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்து புதிய சீல்களைப் போடுகிறேன். உள்ளே எண்ணெய் உள்ள பகுதியை நானே திறப்பதில்லை, அதற்கு வேண்டிய கருவிகள் என்னிடம் இல்லை.

ஒவ்வொரு செப்டம்பரிலும், மழை தொடங்குவதற்கு முன், ஷாக்கைக் கழற்றிப் பின்முக்கோணத்தைத் தூக்கி விட்டுப் பார்க்கிறேன். சென்ற முறை அது விழுந்தது, ஆனால் கடைசி ஓரங்குலத்தில் சற்றுத் தயங்கியது. திறந்து பார்த்தால் முதன்மை மூட்டின் அதே இடது பேரிங். சக்கரங்கள் வாரி இறைக்கும் சேறு அதிகமாக வந்து விழுவது அந்த மூட்டின் மேல்தான். அந்த ஜோடியை மட்டும் மாற்றி, பழைய டியூப் ஒன்றை வெட்டி மூட்டுக்கு முன்னால் சிறு திரையாகக் கட்டியிருக்கிறேன். அது எவ்வளவு சேற்றைத் தடுத்திருக்கிறது என்பதை வரும் செப்டம்பரில் திறந்துதான் பார்க்க வேண்டும்.